மெஷின் நிற்கும் நேரத்துக்கும் கூலி உண்டு!

‘வேலைக்குக் குறைவில்லை, கையில்தான் காசு நிற்கவில்லை’ – கோவைப் பட்டறைகளில் தினமும் கேட்கிற புலம்பல். புது மெஷினுக்கும் புதுக் கடனுக்கும் முன்னால் ஒரு சிறு பட்டறை தன்னைத்தானே எப்படிப் பரிசோதித்துக்கொள்வது?

கணபதி, சின்னவேடம்பட்டி, ஆவாரம்பாளையம், பீளமேடு என்று கோவையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஷீட் கூரைக்குக் கீழே நாலைந்து மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் இது. பம்பு, மோட்டார், வால்வு, கிரைண்டர், மில் உதிரிபாகம், வாகன உதிரிபாகம் என்று பெரிய கம்பெனிகளின் பெயரில் சந்தைக்குப் போகும் பொருட்களில் பெரும்பகுதி, பெயர்ப்பலகைகூட இல்லாத இந்தச் சிறு பட்டறைகளைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது. கம்பெனி வார்ப்பை, அதாவது காஸ்டிங்கைக் கொடுக்கும்; பட்டறை கடைந்து, துளையிட்டு, அளவு சரிபார்த்துத் திருப்பித் தரும்; கூலிக்கு மட்டும் பில் போடும். இதுதான் ஜாப் ஒர்க்.

இந்தப் பட்டறைகளை நடத்துபவர்களில் பலர் ஒரு காலத்தில் லேத்தில் நின்றவர்கள். ஒரு மைக்ரான் தவறினாலும் கையால் தடவியே சொல்லிவிடுவார்கள். தொழில் தெரியும், தொழிலை நடத்தும் கணக்குதான் பலருக்குப் பிடிபடுவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஆடிட்டர் தரும் லாப நட்டக் கணக்கு, கடந்துபோன வருடத்தின் கதை. இன்று காலை எந்த மெஷின் எதற்காக நின்றது என்று அது சொல்லாது. அதைச் சொல்லும் கணக்கைப் பட்டறைக்காரரேதான் போட வேண்டும்.

முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள்

பட்டறையைச் சீர்படுத்துவது என்றதும் பெயின்ட் அடிப்பதும், மஞ்சள் கோடு போடுவதும், கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் ஏற்றுவதும்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அதெல்லாம் பிறகு. முதலில் ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள், போதும்.

எல்லா மெஷினையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியதில்லை. எதன் முன்னால் காஸ்டிங் குவிந்து கிடக்கிறதோ, எதற்காக மற்ற வேலைகள் காத்திருக்கின்றனவோ, அந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் வேகம்தான் மொத்தப் பட்டறையின் வேகம். இஸ்ரேலைச் சேர்ந்த எலியாகு கோல்ட்ராட் இந்த ஒரு கருத்தை வைத்து 1984-ல் ‘தி கோல்’ என்று ஒரு நாவலே எழுதினார். நெருக்கடி உள்ள இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களில் எவ்வளவு வேகம் கூட்டினாலும், குவியல் இடம் மாறுமே தவிர டெலிவரி முன்னால் வராது என்பதுதான் அதன் சாரம்.

அந்த மெஷின் பக்கத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிடுங்கள். எப்போது நின்றது, எதற்காக நின்றது, எப்போது மறுபடி ஓடியது – மூன்றே கட்டங்கள். ஆபரேட்டரே எழுதட்டும். ஒரு நிபந்தனை: அதில் எழுதியதற்காக அவரைத் திட்டவே கூடாது. ஒரு தடவை சத்தம் போட்டால் போதும். மறுநாளிலிருந்து அட்டையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், எதுவும் உண்மையாக இருக்காது.

450 ரூபாயா, 690 ரூபாயா?

இப்போது கணக்குக்கு வருவோம். கீழே இருப்பது ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். 24 லட்ச ரூபாய்க்கு வாங்கிய ஒரு சிஎன்சி லேத். பத்து வருடம் உழைக்கும் என்று வைத்தால் தேய்மானம் மாதம் 20,000. கடன் வட்டி 12,000. ஆபரேட்டர் சம்பளம் 20,000. வாடகையில் அதன் பங்கு 8,000. பராமரிப்பு 4,000. கணக்கர், வண்டி வாடகை, டீ செலவு, இதர வகைகளில் அதன் பங்கு 8,000. ஆக, மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் 72,000 ரூபாய் போய்விடும். ஓடும்போது மின்சாரம், இன்செர்ட், கூலன்ட் என்று மணிக்கு இன்னொரு 90 ரூபாய்.

மாதம் 25 நாள், தினம் 8 மணி நேரம்; மொத்தம் 200 மணி நேரம். 72,000-ஐ 200-ஆல் வகுத்தால் 360. அதோடு 90 சேர்த்தால் மணிக்கு 450 ரூபாய் அடக்கம். 500 ரூபாய் ரேட்டுக்கு வேலை எடுத்தால் 50 ரூபாய் லாபம். பெரும்பாலானவர்கள் மனக்கணக்கு இங்கேயே நின்றுவிடுகிறது.

அட்டை வேறு கதை சொல்லும். 200 மணி நேரத்தில் மெஷின் உண்மையில் உலோகத்தைச் சீவியது 120 மணி நேரம்தான் என்று வைத்துக்கொள்வோம். மீதி 80 எங்கே போனது? மாதம் 24 முறை செட்டிங் மாற்றம், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம்: 36 மணி. காஸ்டிங் வராமல் காத்திருந்தது 20 மணி. முதல் பீஸைச் சோதித்து ஓகே சொல்ல ஆள் வராமல் நின்றது 12 மணி. டூல், கேஜ், ஸ்பேனர் தேடியது 12 மணி.

72,000-ஐ 120-ஆல் வகுத்துப் பாருங்கள்: 600. அதோடு 90 சேர்த்தால் 690 ரூபாய். 500-க்கு எடுத்த வேலையில் மணிக்கு 190 ரூபாய் கையை விட்டுப் போகிறது, மாதம் 22,800. பட்டறை பரபரப்பாக இருக்கிறது, ஆள்களுக்கு ஓய்வில்லை, ஓவர்டைம்கூட நடக்கிறது. இருந்தும் மாதக் கடைசியில் சம்பளத்துக்குக் கைமாற்று வாங்க வேண்டியிருப்பது இதனால்தான். 500 ரூபாய் ரேட்டில் முதலுக்கு மோசமில்லாமல் தப்பிக்கவே இந்த மெஷின் மாதம் 176 மணி நேரம் சீவியாக வேண்டும்.

இந்த நிலையில் இரண்டாவது சிஎன்சி வாங்கினால் என்ன ஆகும்? அதற்கும் அதே செட்டிங், அதே தேடல், அதே காத்திருப்பு. நஷ்டமும் இரட்டிப்பாகும், தவணையும் இரட்டிப்பாகும்.

ஒன்றரை மணி நேர செட்டிங்

80 மணி நேரத்தில் பெரிய பங்கு செட்டிங் மாற்றத்துக்குத்தான் போகிறது. கை வைக்க வேண்டிய முதல் இடமும் அதுதான். இதற்கு வழிகாட்டியவர் ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ. 1969-ல் டொயோட்டா ஆலையில் ஆயிரம் டன் பிரஸ் ஒன்றில் அச்சு மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. முதலில் அது ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. பிறகு மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது. அவர் பிரித்துப் பார்த்தது இரண்டே விஷயம்: மெஷின் நின்றால்தான் செய்யக்கூடிய வேலைகள் எவை, மெஷின் ஓடும்போதே செய்துவைக்கக்கூடியவை எவை?

நம் பட்டறையில் இதைப் பொருத்திப் பாருங்கள். கடைசி பீஸ் முடிந்து மெஷினை நிறுத்திய பிறகுதான் ஆபரேட்டர் அடுத்த வேலையின் டிராயிங்கைத் தேடுகிறார். பிறகு பீஸைப் பிடிக்கும் சாஃப்ட் ஜா எங்கே என்று அலமாரியைக் கிளறுகிறார். இன்செர்ட் இல்லையென்று வண்டியை எடுத்துக்கொண்டு ஒருவர் கடைக்குப் போகிறார். புரோகிராம் இருக்கிற பென் டிரைவ் முதலாளி பாக்கெட்டில். முதல் பீஸ் வந்ததும் அதை அளக்க வேண்டிய சூப்பர்வைசர் வேறு கம்பெனிக்கு டெலிவரி கொடுக்கப் போயிருக்கிறார். இவற்றில் ஒன்றுக்காகக்கூட மெஷின் காத்திருக்க வேண்டியதில்லை.

வழி எளிது. அடுத்த வேலைக்கான டிராயிங், ஜா, டூல், இன்செர்ட், கேஜ் அனைத்தையும் ஒரே டிரேயில் எடுத்துவைத்து, முதல் நாள் மாலையே மெஷின் பக்கத்தில் வைத்துவிடுவது. அதே பீஸ் மறுபடி வரும் என்றால் அதற்கென ஜாவைத் தனியாகக் கடைந்து, பார்ட் நம்பர் குத்தி வைப்பது. ஒன்றரை மணி நேரம் 40 நிமிடமாகக் குறைந்தாலே 24 செட்டிங்கில் மாதம் 20 மணி நேரம் கிடைக்கும். காசு செலவில்லாமல் கிடைத்த இரண்டரை நாள் ஷிப்ட் இது.

‘நேத்து இங்கதானுங்ணா வெச்சேன்!’

“அண்ணா, அந்த 8.5 டிரில் எங்கீங்ணா?”

“டேபிள் மேல பாரு தம்பி.”

“இல்லீங்ணா.”

“நேத்து யாரு எடுத்தது?”

“நேத்து இங்கதானுங்ணா வெச்சேன்!”

எந்தப் பட்டறையிலும் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை நடக்கும் உரையாடல் இது. தேவையில்லாததை அகற்றுவது, தேவையானதற்கு இடம் குறிப்பது, சுத்தமாக வைப்பது, அதை வழக்கமாக்குவது, அந்த வழக்கத்தை விடாமல் காப்பது என்ற ஜப்பானிய 5எஸ் முறை சொல்வதும் இதற்கான மருந்துதான். ஒரு பிளைவுட் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தையே வரைந்து ஆணி அடித்துவிட்டால், எது இடத்தில் இல்லை என்று பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். டிரில்லை எடுப்பவர் தன் பெயர் எழுதிய டோக்கனை அங்கே மாட்டிவிட்டுப் போகட்டும்.

இதில் வழக்கமாக நடக்கும் கூத்து ஒன்று உண்டு. கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வருகிறார் என்றால் முதல் நாள் இரவு முழுக்கக் கூட்டிப் பெருக்கி, கோடு போட்டு, போர்டு மாட்டுவார்கள். அவர் போன மூன்றாம் நாள் கோட்டுக்கு மேலேயே காஸ்டிங் குவியும். வந்தவருக்காகச் செய்த 5எஸ்ஸால் பட்டறைக்குப் பைசா பிரயோஜனமில்லை.

ரிஜெக்ஷனுக்கும் ஒரு கணக்கு

காஸ்டிங்கைக் கடையும்போது உள்ளே புளோ ஹோல் (காற்றுக் குழி) தெரிகிறது. தவறு ஃபவுண்டரியுடையது, ஆனால் அதுவரை சீவிய கூலியும் இன்செர்ட் தேய்மானமும் பட்டறையின் தலையில் விழுகிறது. இன்னொரு நாள் அளவு தவறி பீஸ் வீணாகிறது. காஸ்டிங் விலையைக் கம்பெனி பில்லில் கழித்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே மூலையில் ஒரே குவியலாகக் கிடந்தால், யார் தவறு எவ்வளவு என்று ஒருபோதும் தெரியாது.

ஒரு கரும்பலகை போதும். புளோ ஹோல், அளவு பிழை, கீறல், செட்டிங் பீஸ் என்று காரணங்களை எழுதி, ஒவ்வொன்று விழும்போதும் ஒரு கோடு போடுங்கள். ஒரு மாதத்தில் ஏதாவது ஒன்றிரண்டு காரணங்களே பெரும்பகுதியை அடைத்திருப்பது தெரியும். அவற்றை மட்டும் துரத்துங்கள். புளோ ஹோல் கணக்கு கையில் இருந்தால் கம்பெனியின் கொள்முதல் அதிகாரியிடம் பேசும் தோரணையே மாறும். “நிறைய வருதுங்க சார்” என்பதற்கும், “போன மாசம் கொடுத்த 1,200-ல் 54-ல் புளோ ஹோல், இதோ பீஸ், இதோ தேதி” என்பதற்கும் மரியாதை வேறு.

இந்த ஒழுக்கம் பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமே என்று நினைக்க வேண்டாம். சென்னை பாடியிலுள்ள சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் விருதை வென்றபோது, அதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுதான். ஆனால் தரமுறையின் அடிப்படைக் கருவிகள் கோடு போட்டு எண்ணுவது, வரைபடம் வரைவது, காரணம் தேடுவது போன்றவைதான். கரும்பலகையும் சாக்பீஸும் எந்தப் பட்டறைக்கும் கட்டுப்படியாகும்.

‘உஸ்...’ என்ற சத்தத்தின் விலை

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு, கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு, காற்று லைன் நெடுக நடந்து காதைக் கொடுங்கள். எங்காவது ‘உஸ்’ என்று கேட்கும். சுமார் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று வழக்கமான 7 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 3 கிலோவாட் மின்சாரத்தை வீணாக்கும். தினம் பத்து மணி நேரம், வருடம் 300 நாள் என்றால் 9,000 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தாலும் 72,000 ரூபாய். ஒரு ஹோஸ் கிளாம்ப்போ ஒரு சுற்று டெஃப்லான் டேப்போ அடைக்கக்கூடிய ஓட்டை இது.

கம்பெனியில் நிற்கும் காசு

பட்டறைக்குள் சேமித்ததையெல்லாம் வெளியே நிற்கும் பாக்கி ஒரே வாயில் விழுங்கிவிடும். மாதம் 4 லட்ச ரூபாய்க்கு பில் போடும் பட்டறைக்கு 90 நாளில் பணம் வந்தால், எப்போதும் 12 லட்சம் வெளியே நிற்கும். 45 நாளில் வந்தால் 6 லட்சம்தான். அந்த வித்தியாசத்தை 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிச் சமாளித்தால் வருடத்துக்கு 72,000 ரூபாய் வட்டி.

சட்டம் இந்த விஷயத்தில் சிறு தொழில் பக்கம்தான் நிற்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதிகபட்சம் 45 நாளுக்குள், பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி. அதற்கு மேல் வருமான வரிச் சட்டத்தில் 2023-ல் 43பி(எச்) என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு தொழில்களுக்குக் கெடுவுக்குள் தராத பாக்கியை, உண்மையில் பணம் கொடுத்த வருடத்தில்தான் வாங்கியவர் செலவாகக் காட்ட முடியும் என்பது அதன் சாரம். கம்பெனிகளின் கணக்குப் பிரிவுக்கு மார்ச் மாதத்தில் திடீரென்று நம் ஞாபகம் வருவதற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பாதுகாப்புக்கு, தொழிலை அரசிடம் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவு முக்கியம். பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து கெடு எண்ணப்படும் என்பதால், டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் வண்டியைத் திருப்பாதீர்கள். புகார் செய்ய 2017-ல் சமாதான் இணையதளம் தொடங்கப்பட்டது. தீர்ப்பளிக்கும் வசதியாக்க மன்றம் கோவையிலும் செயல்படுகிறது. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் ‘டிரெட்ஸ்’ தளத்தில் சேர வேண்டும் என்பது இப்போது கட்டாயம். அவை ஏற்றுக்கொண்ட பில்லை அதில் தள்ளுபடிக்குக் கொடுத்து முன்கூட்டியே பணம் பெறலாம்.

புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராதே என்ற பயம் நியாயமானது. ஒரே கம்பெனியை நம்பி முக்கால்வாசி வேலை இருக்கும்வரை அந்தப் பயம் போகாது. யாருக்கு எவ்வளவு பில் போடுகிறோம், யார் எத்தனை நாளில் தருகிறார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அதிக ரேட் தருகிறவரைவிட, சரியான நாளில் தருகிறவர் நல்ல வாடிக்கையாளர் என்பது பல சமயம் அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

முதலாளி ஒரு வாரம் ஊரில் இல்லையென்றால்?

எந்தப் பட்டறைக்கும் கடுமையான தேர்வு இதுதான். உடம்புக்கு முடியாமல் அவர் படுத்துவிட்டால் ரேட் சொல்ல ஆளில்லை, புரோகிராம் போட ஆளில்லை, எந்த வேலை அவசரம் என்று சொல்லவும் ஆளில்லை. எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது.

அந்தத் தலையைச் சுவரில் எழுதிவைப்பதுதான் தீர்வு. இந்த வாரம் எந்த மெஷினில் எந்த வேலை, எப்போது டெலிவரி என்று ஒரு போர்டு. ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு தாள்: எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும், எந்த அளவை எந்த கேஜால், எத்தனை பீஸுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இன்று கோவைப் பட்டறைகளில் பிகார், ஒடிசா, ஜார்கண்ட் தொழிலாளர்கள் நிறைய. தமிழில் எழுதினாலும் இங்கிலீஷில் எழுதினாலும் எல்லோருக்கும் போய்ச்சேராது. செல்போனில் எடுத்த நான்கு போட்டோக்களை அச்சிட்டு ஒட்டிவிட்டால் மொழியே தேவைப்படாது.

உதவிக்கு யார்?

தனியாகச் செய்ய முடியாதவர்களுக்கு மத்திய அரசின் ‘லீன்’ திட்டம் 2023 மார்ச்சில் புது வடிவில் தொடங்கியது. ஆலோசகர் பட்டறைக்கே வந்து கைகொடுப்பதற்கான செலவில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது. ‘ஸெட்’ தரச் சான்றிதழில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிகள். கட்டணத்தில் குறுந்தொழிலுக்கு 80, சிறுதொழிலுக்கு 60, நடுத்தரத்துக்கு 50 சதவீதம் மானியம். பெண்கள் நடத்தும் தொழிலுக்கு முழுவதும் இலவசம். 1969-ல் தொடங்கிய கோவை மாவட்டச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவும் ஜாப் ஒர்க் சங்கங்களும் இவற்றுக்கு வழிகாட்டக்கூடியவை.

சான்றிதழை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுவதோடு நிறுத்தினால் மானியமும் வீண், சுவரும் வீண்.

கணக்கோடு ரேட் கேளுங்கள்

எல்லாப் பழியையும் பட்டறைக்காரர் மேல் போடுவது அநியாயம். 2022 செப்டம்பரில் உயர்ந்த மின்கட்டணமும், ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணமும் அவர் கையில் இல்லை. பக்கத்துப் பட்டறை ரேட்டைக் குறைத்து வேலையைப் பிடிப்பதும் அவர் கையில் இல்லை.

நம் மாதிரிக் கணக்கே இதைக் காட்டும். செட்டிங்கில் 20 மணி, காஸ்டிங் வந்ததா என்று முதல் நாளே சரிபார்த்ததில் 10 மணி, ஆபரேட்டரே முதல் பீஸை அளக்கப் பழகியதில் 8 மணி, தேடலில் 8 மணி மீட்டால், 120 மணி நேரம் 166 ஆகும். மாத நஷ்டம் 22,800-லிருந்து 3,940-ஆக இறங்கும். அப்போதும் நஷ்டம்தான்! மிச்சத்தை ரேட்டில்தான் மீட்க வேண்டும். 525 ரூபாயில் கணக்கு நேராகிறது. 550-ல் மாதம் 4,360 கையில் நிற்கிறது.

சீர்திருத்தம் செய்யாமல் 700 ரூபாய் கேட்டிருந்தால் கம்பெனி வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும். 550 கேட்பதற்கு இப்போது கையில் தாள் இருக்கிறது. அப்படியும் மறுக்கிற வேலை எதுவென்றும், அதை விட்டால் மெஷின் சும்மா நிற்குமா, வேறு வேலை வருமா என்றும் பார்த்து, துணிந்து முடிவெடுக்கலாம்.

இந்த வாரமே தொடங்க ஐந்து வேலைகள்

1. நெருக்கடியான ஒரு மெஷினில் ‘ஏன் நின்றது’ அட்டை.
2. அதன் ஒரு மணி நேர அடக்கம் – உண்மையில் சீவிய நேரத்தை வைத்து.
3. அடுத்த வேலைக்கான டிரே, முதல் நாள் மாலையே தயார்.
4. காரணம் பிரித்து எழுதும் ரிஜெக்ஷன் பலகை.
5. யார் எத்தனை நாளில் பணம் தருகிறார்கள் என்ற ஒரு பக்கப் பட்டியல்.

லேத் பட்டறைக்குச் சொன்னதெல்லாம் அச்சகத்துக்கும் தையல் யூனிட்டுக்கும் பேக்கரிக்கும் பொருந்தும். மெஷினின் பெயர்தான் மாறும். அடுத்த கடனுக்கான விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன், மேலே உள்ள ஐந்தையும் மூன்று மாதம் விடாமல் செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் மெஷின் போதவில்லை என்று கணக்கு சொன்னால், தயங்காமல் வாங்குங்கள்.